நோய் மண்ணில் நின்ற இதரை

நீர்வேலியில் மக்டலீன் ரீச்சருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கு வந்து அதிக காலமில்லை. வேதக்காரி. குருநகர்க் கரையில் வலை இழுத்த குடும்பத்துப் பிள்ளை. நாற்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டாதவள். இவற்றில் ஒன்றே போதும், எங்கள் ஆட்கள் ஒருவரை வாசல் படலையோடு நிறுத்திக் கதைத்து அனுப்பிவிட. ஆனால் அவள் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பிக்கிறவள். அவளிடம் படித்த பிள்ளைகள் மருத்துவபீடத்துக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் ஒரு மனிசிக்கு என்ன தகுதி வேண்டும்? குண்டுபோட விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் இறங்கி, அது போனதும் ஏறிவந்து, விட்ட வரியிலிருந்து குறிப்பெழுதிய சனம் இது. பொருளாதாரத் தடையில் மின்சாரம் போனது, சவர்க்காரம் போனது, பற்றரி போனது. ரியூசன் போகவில்லை.

குருநகர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிய பிறகு அவள் கனகசபாபதியின் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தாள். கனகசபாபதி வாழைத்தோட்டக்காரர். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். வீட்டில் அவரும் மனைவி குணலட்சுமியும்தான். குணலட்சுமி காலையில் பிள்ளையாருக்குக் கொளுத்தும் சாம்பிராணி முன்னறைக்குள் புகுந்து அங்கே மாட்டியிருந்த மாதா படத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். இரண்டு பக்கத்திலும் அதற்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

மக்டலீனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்வதில்லை. எண்பத்துமூன்றில் அவள் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினாள். வளர்த்த செடிகளுக்கு அதன்பின் தண்ணீர் ஊற்றியது யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து, வேறு யாரோ கண்டுபிடித்ததைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுப்பதே அவளுடைய பிழைப்பு. நன்றாகத்தான் செய்தாள். ஆனால் தான் அறிந்து சொல்ல இந்த உலகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லையே என்று சில நாட்களில் நெஞ்சு வெறுமையாக இருக்கும்.

தொண்ணூற்றுமூன்றில் கனகசபாபதியின் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்தது. இதரை வாழை முழுக்க அடிபட்டது. இலை ஓரத்திலிருந்து மஞ்சளடிக்கும், பிறகு காம்பு ஒடிந்து தண்டோடு தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்த நிறம். மண்ணுக்குள் இருக்கும் பங்கசு என்ற பூஞ்சணம் ஒன்று வேர் வழியாக ஏறி மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. மருந்து கிடையாது. ஒருமுறை வந்தால் அந்த மண்ணில் பல வருடங்களுக்கு இருக்கும். அவர் ஒவ்வொரு மரமாக வெட்டிச் சரித்தார். ஒவ்வொன்றையும் சரித்துவிட்டு அதன் பக்கத்தில் சற்று நேரம் நிற்பார்.

ஒரு நாள் பாடசாலையால் வந்தவளைப் படலையடியிலேயே மறித்தார்.

"ரீச்சர், ஒருக்கா தோட்டத்துக்கு வாருங்கோ. ஒரு புதினம் காட்டவேணும்."

வாய்க்கால் ஓரமாக ஒரு வாழைப் புதர் நின்றது. பச்சையென்றால் அப்படிப் பச்சை. இலையில் ஒரு மஞ்சள் கோடு இல்லை. அதற்கு இந்தப் பக்கம் நின்றதும் செத்தது, அந்தப் பக்கம் நின்றதும் செத்தது.

"தப்பியிருக்கும் அண்ணை," என்றாள் மக்டலீன். "அந்த இடத்து மண்ணில நோய் குறைவாயிருக்கலாம்."

அவர் மண்வெட்டியால் அடியை விலக்கிக் காட்டினார். செத்த மரத்தின் வேரும் நிற்கும் மரத்தின் வேரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. மக்டலீன் புத்தகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள்.

"இப்ப சொல்லுங்கோ," என்றார் அவர். "இந்தத் தோட்டம் முழுக்க ஒரு தாயின்ரை குட்டியள். என்ரை ஐயா கொண்டந்து வைச்ச முதல் மரத்திலயிருந்து பக்கக்குட்டி பிடுங்கிப் பிடுங்கி நட்டது. விதையில்லை, மகரந்தமில்லை, தேப்பனெண்டு ஒண்டில்லை. தாயிட்டை இல்லாத குணம் உந்தப் பிள்ளைக்கு எங்கையிருந்து வந்தது?"

கேள்வி அவளுக்குப் பிடித்தது. வகுப்பில் கேட்டால் அந்தப் பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள். விகாரம் என்ற பாடத்தை எடுத்து விரித்தாள். உயிருக்குள் பரம்பரையலகுகள் இருக்கின்றன. இலை எப்படி, பழம் எப்படி, நோய் வந்தால் என்ன செய்வது என்ற கட்டளைகள் எல்லாம் அவற்றில்தான் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு குட்டி முளைக்கும்போதும் தாயிலுள்ளதைப் பார்த்து எழுதவேண்டும். எழுதும்போது எப்போதாவது ஒரு பிழை வரும்.

"பிழை விட்டால் கெடுமெல்லோ ரீச்சர்? பிழை விட்டு நல்லதாய் வருமோ?"

"அநேகமாய்க் கெடும். சிலவேளை ஒரு பரம்பரையலகு இரண்டு தரம் எழுதுப்பட்டுப் போகும். உங்களிட்டை ஒரு மண்வெட்டிதான் இருந்தால் அதை வேறை ஆயுதமாய் அடிக்க மாட்டியள், தோட்ட வேலை நிண்டுபோம். இரண்டு இருந்தால் ஒண்டை அடிச்சு அலவாங்காக்கிப் பாக்கலாம். அப்பிடித்தான், பழைய ஒண்டின்ரை இரண்டாம் பிரதியிலயிருந்துதான் புதுசு வரும். புத்தகம் அப்பிடித்தான் சொல்லுது."

கனகசபாபதி தலையைச் சொறிந்தார்.

"சரி. அப்ப முதல் மண்வெட்டி எங்கையிருந்து வந்தது?"

"அதைப் பிறகு சொல்லுறன் அண்ணை," என்று மக்டலீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். படிப்பிக்கிற ஆட்கள் 'பிறகு சொல்லுறன்' என்றால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அவள் புத்தகங்களைப் புரட்டினாள். முதல் மண்வெட்டியைப் பற்றி, அதாவது பிரதிக்கெல்லாம் மூலமான முதல் பரம்பரையலகைப் பற்றி, எல்லாப் புத்தகங்களும் இரண்டு வரியில் மழுப்பிவிட்டு நகர்ந்தன. இத்தனை வருடம் தானும் அந்த இரண்டு வரியை அப்படியே கடந்து போயிருக்கிறாள் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம், கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்பிலிருந்து பத்மாவதி வந்தாள். அவள் மக்டலீனோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள், இப்போது விரிவுரையாளர். சுகமில்லாத தகப்பனைப் பார்க்க வந்தவள், தோழிக்கு என்று ஒரு விஞ்ஞான சஞ்சிகைக் கட்டுரையைப் பிரதியெடுத்துப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மற்றவர்கள் அந்தப் பாதையால் அப்பிள் கொண்டுவந்தார்கள், மருந்து கொண்டுவந்தார்கள். சினேகிதம் என்றால் இதுவல்லவா.

மக்டலீன் அதைப் பாடசாலையில் ஆசிரியர் அறையில் இருந்து வாசித்தாள். பாண் பொங்க வைக்கிற மதுவத்தில், பரம்பரையலகுகள் கோர்த்திருக்கும் நிறமூர்த்தம் ஒன்றை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஐரோப்பாவில் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து படித்திருந்தார்கள். உள்ளே இருந்த பரம்பரையலகுகளை, அதுவரை உலகம் அறிந்த மற்ற எல்லாப் பரம்பரையலகுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெருந்தொகையானவை எதைப்போலவும் இல்லை. தாய் யார், தகப்பன் யார், எந்தப் பழையதன் பிரதி என்று சொல்ல முடியவில்லை. அநாதைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தக்காரரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றனர் சிலர். அர்த்தமில்லாமல் நீளக் கிடக்கும் எழுத்துகளிலிருந்து புதிதாகவே ஒன்று முளைத்திருக்குமோ என்று கேட்டால், அது நடக்காத காரியம் என்று பெரியவர்கள் கையை விரித்தார்கள். நடக்காதென்றால் இவை எங்கிருந்து வந்தன? யாருக்கும் தெரியவில்லை.

மணியடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. மாணவன் ஒருவன் வந்து கூப்பிட்டபோது ரீச்சரின் கண் கலங்கியிருந்தது. குருநகரில் யாருக்கோ ஏதோ என்று அவன் பயந்துபோனான். அவளுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று, யாவும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்திருந்த ஒரு வீட்டில், திறக்காத கதவு ஒன்று இருப்பதைக் கண்டால் யாருக்குத்தான் சந்தோசம் வராது?

அன்று பின்னேரம் சைக்கிளை மதிலில் சாத்தவும் பொறுமையில்லாமல் தோட்டத்துக்கு ஓடினாள்.

"அண்ணை, முதல் மண்வெட்டி எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமில்லை, உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது!"

இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தெரியாது என்று சொன்ன ஒருவரைக் கனகசபாபதி அதுவரை கண்டதில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"வெள்ளைக்காரனுக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

"அப்ப உந்த வாழைக்குள்ளயும் அப்பிடி ஒண்டு இருக்குமோ?"

"அதுவும் தெரியாது அண்ணை. சும்மா ஒரு எழுத்துப் பிழையாய் இருக்கலாம், பழையதின்ரை பிரதியாய் இருக்கலாம், ஒருவேளை அநாதையாயும் இருக்கலாம். முதல் உது மெய்யாய் நோயைத் தாங்குதோ எண்டு பாக்கவேணும். தாங்கினால் பத்மாவதியிட்டைக் குடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். பிறகு தேடுறவை தேடட்டும்."

வேறொருவர் என்றால், தெரியாததற்கா இவ்வளவு படித்தாய் என்று கேட்டிருப்பார். கனகசபாபதி அப்படிப்பட்ட ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று ஊரெல்லாம் சொன்னார்: "எங்கடை காணிக்குள்ளை ஒரு மரம் நிக்குது. அதின்ரை விசயம் ஒருத்தருக்கும் தெரியாதாம். ரீச்சரே சொல்லிப்போட்டா." அவருடைய காணிக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறு யாரும் கொடுத்ததில்லை. குணலட்சுமிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அது பிள்ளையார் தந்தது. எப்படித் தந்தார் என்று ரீச்சர் ஆராய்ந்து கண்டுபிடித்தால் பிள்ளையாருக்கும் சந்தோசம்தான் என்பாள்.

புதினம் பரவியதும் ஊர் வந்தது. அவர்களுடைய தோட்டங்களிலும் மஞ்சளடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் வாழைக்குட்டி கேட்டால் இல்லையென்று சொல்வதில்லை. கேட்டவருக்குக் கொடுக்காத வீடு என்று பெயரெடுத்தால் பிறகு அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் பாய் இரவல் வாங்கவும் முடியாது. குணலட்சுமி கொடுக்கத்தான் நின்றாள். மக்டலீன் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"அக்கா, உந்த வேரோடை ஒட்டியிருக்கிற மண்ணில நோய் இருக்கு. சோதிச்சுப் பாக்காமல் குடுத்தால் ஊருக்கு நோயைத்தான் பங்குபோட்டுக் குடுப்பம்."

குணலட்சுமிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் வந்தவர்களிடம், "ரீச்சரின்ரை சோதினை முடியட்டும், பிறகு முதல் குட்டி உங்களுக்குத்தான்," என்றாள். எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

சோதனைதான் பெரிய சண்டையாய் முடிந்தது. மக்டலீன் சொன்னபடி, தப்பிய மரத்தின் குட்டிகளை மற்ற மரங்கள் செத்த அதே குழிகளில் நடவேண்டும். அதற்கே கனகசபாபதிக்கு மனமில்லை. செத்த குழியில் நடுவது எங்கள் தோட்டக்காரருக்கு ஆகாத காரியம். ஒருவாறு தலையாட்டினார். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு மண்வெட்டியை நிலத்தில் போட்டுவிட்டார்.

"ஒண்டுவிட்டொரு குழியில புதுக் குட்டி. இடையில உள்ள குழியில, நோயில்லாத தோட்டத்திலயிருந்து எடுத்த சாதாரண இதரைக் குட்டி."

"நல்ல குட்டியை நோய்க் குழியில வைச்சால் செத்துப்போமெல்லோ?"

"சாகவேணும் அண்ணை. அது செத்தால்தான் மண்ணில நோய் இருக்கெண்டு அர்த்தம். நோயில்லாத மண்ணில புதுக் குட்டி தழைச்சால் எங்களுக்கு என்ன தெரிய வரும்? ஒண்டுமில்லை."

"சாகிறதுக்கெண்டு ஒரு தோட்டக்காரன் நடுவானோ?"

ஆனாலும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டியில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போய், நோயில்லாத குட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். நட்டார்.

சில மாதங்கள் போயின. இடையில் பரீட்சை வந்ததால் மக்டலீன் தோட்டப் பக்கம் அதிகம் போகவில்லை. ஓய்ந்த பிறகு ஒரு காலை போய்ப் பார்த்தவள் திடுக்கிட்டு நின்றாள். சாதாரணக் குட்டிகள் கொழுகொழுவென்று நின்றன. புதுக் குட்டிகள் மெலிந்து வதங்கி, பெற்றார் பார்க்காத பிள்ளைகளாய் நின்றன. குனிந்து பார்த்தாள். சாதாரணக் குட்டிகளின் அடியில் மட்டும் தடிப்பாக அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் போட்டிருந்தது. உரத்துக்குத் தடை, ஊரில் ஒரு பிடி யூரியா கிடையாது. சாம்பலும் எருவும்தான் அந்த வீட்டில் இருந்த ஒரே உரம். அத்தனையும் சாகவேண்டியவற்றின் காலடியில்!

"அண்ணை! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தானே செய்யச் சொன்னனான்!"

கனகசபாபதி குற்றம் செய்த பள்ளிப் பையனாய்க் கைகட்டி நின்றார்.

"பாவம் ரீச்சர். இரவல் பிள்ளையள். சாகப்போகுதுகள் எண்டு தெரிஞ்சும் வயிறாரப் போடாமல் விடலாமோ?"

அவளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது. ஆராய்ச்சி என்று வாழ்க்கையில் இரண்டாம் தரம் கையில் கிடைத்தது, அதையும் இந்த மனிசன் இரக்கப்பட்டுக் கெடுத்துவிட்டாரே! வரம்பில் குந்தித் தலையில் கைவைத்தாள். அன்று மத்தியானம் குணலட்சுமி குழைத்துக் கொடுத்த சோறும் இறங்கவில்லை. ஊர் வேறு சிரித்தது. "ரீச்சரின்ரை அதிசய வாழை எலும்புந்தோலுமாய் நிக்குது, மச்சான் வீட்டுக் குட்டி மதாளிச்சு நிக்குது," என்று சங்கக்கடையில் கதை.

தொண்ணூற்றைந்து ஆனியில் முதல் மஞ்சள் விழுந்தது. கொழுத்து நின்றவற்றில்தான். அதற்கடுத்து இன்னொன்று. எரு என்ன, சாம்பல் என்ன, ஒன்றும் காப்பாற்றவில்லை. ஆவணி முடியுமுன் இரவல் பிள்ளைகள் எல்லாமே காம்பொடிந்து தொங்கின. மெலிந்து நின்றவை மெலிந்தபடியே, பச்சையாய் நின்றன.

மக்டலீன் வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தாள். கவனிப்பெல்லாம் ஒரு பக்கம், பட்டினியெல்லாம் மற்றப் பக்கம், அதற்குப் பிறகும் பட்டினி கிடந்ததுதான் தப்பியிருக்கிறது. புதுக் குட்டிக்கு எதிராக இவ்வளவு ஓரவஞ்சனையான ஒரு சோதனையை வேண்டுமென்று அமைக்க அவளுக்குத் துணிவு வந்திராது. அவருடைய இரக்கம் சோதனையைக் கெடுக்கவில்லை, கடுமையாக்கிவிட்டது.

"அப்ப சரிதானே ரீச்சர்? ஊருக்குக் குடுக்கலாமோ?"

"இன்னும் ஒருக்கா அண்ணை. ஒருக்கா நடந்ததை நம்பி உலகத்துக்குச் சொல்லேலாது. திருப்பிச் செய்து, திருப்பியும் இப்பிடியே வந்தால்தான் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மாரி மழையோடை நடுவம். இந்தமுறை சாம்பலைப் பங்குபோட்டு எல்லாத்துக்கும் போடுங்கோ."

மாரி மழைக்கு முன் ஆமி வந்தது. ஐப்பசிக் கடைசியில் புத்தூர்ப் பக்கமிருந்து ஷெல் நீர்வேலிக்குள் விழத் தொடங்கியது. இருந்த சனமெல்லாம் எழும்பியது. குணலட்சுமி பிள்ளையாரைச் சேலைக்குள் சுற்றினாள், மக்டலீன் மாதா படத்தைப் பைக்குள் வைத்தாள். தென்மராட்சியில், மீசாலையில், குணலட்சுமிக்கு ஒன்றுவிட்ட தமக்கை ஒருத்தி இருந்தாள், பராசக்தி என்று. அங்கே போவதென்று முடிவு.

"நீங்கள் இரண்டு பேரும் முன்னாலை போங்கோ," என்றார் கனகசபாபதி. "நான் சாமான் கட்டிக்கொண்டு பின்னாலை வாறன்."

"இஞ்சருங்கோ, அந்த அரிசி மூட்டையை மறந்திடாதேங்கோ," என்றாள் குணலட்சுமி.

நாவற்குழிப் பாலத்தால் அன்றும் அடுத்தடுத்த நாட்களும் போன சனத்தைப் பற்றி எழுத எனக்குக் கைவரவில்லை. போனவர்களுக்குத் தெரியும். மழையும் சேர்ந்துகொண்டது. இரண்டு பெண்களும் மீசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பராசக்தியின் வளவு நிறைந்துபோயிருந்தது. மாமரத்தின் கீழே ஒரு குடும்பம், மாட்டுக்கொட்டிலில் ஒரு குடும்பம். இவர்களுக்கு விறாந்தையில் ஓரிடம் கிடைத்தது.

கனகசபாபதி மறுநாளும் வரவில்லை. நீர்வேலிக்குள் ஆமி புகுந்துவிட்டதாகச் சனம் சொன்னது. குணலட்சுமி படலையடியிலேயே நின்றாள். மக்டலீன் அவளுக்குப் பக்கத்தில் செபமாலையோடு நின்றாள். மரமாவது மண்ணாவது, அந்த மனிசன் வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதற்கடுத்த நாள் மத்தியானம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் வந்தார். மேலெல்லாம் சேறு. சைக்கிள் பாரில் இரண்டு வாழைக்குட்டிகள் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தன. கரியரில் ஒரு மூட்டை, பொலித்தீன் பைக்குள் இன்னொரு பை போட்டு, சணலால் இறுக்கியபடி.

குணலட்சுமி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அரிசி இல்லை.

"உதென்ன?"

"மண்."

"மண்ணோ? அரிசி எங்கை?"

"இரண்டும் ஏத்தேலாது குணம். கரியர் தாங்காது."

குணலட்சுமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இத்தனை பேர் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற வளவுக்கு, அரிசியை விட்டுவிட்டு மண்ணைச் சுமந்து வந்திருக்கிறார். ஊர் மண்ணில் அவ்வளவு பாசமோ என்று மாமரத்தடியில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். மக்டலீனுக்கு மட்டும்தான் அது என்ன மண் என்று விளங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணை, உது அந்தக் குழி மண்ணோ? நோய் மண்ணோ? இஞ்சை எல்லாரும் வாழை வைச்சிருக்கிற ஊர்! ஒரு பிடி சிந்தினாலும்…"

"சிந்தயில்லை ரீச்சர். வழியெல்லாம் அந்தப் பயம்தான். பாலத்தடியில சனம் நெரிச்சு மூட்டை வெடிச்சுப்போமோ எண்டு உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இஞ்சையும் சிந்த விடமாட்டன்."

"ஏன் கொண்டந்தனீங்கள்?"

அவர் சைக்கிளிலிருந்து குட்டிகளை அவிழ்த்தபடி, மழை பெய்யும் என்று சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார்:

"நீங்கள்தானே இன்னும் ஒருக்காச் செய்து பாக்கவேணும் எண்டனீங்கள். இந்த ஊர் மண்ணில நோயில்லை. நோயில்லாத மண்ணில தழைச்சால் என்ன தெரியவரும்?"

மக்டலீன் படித்ததெல்லாம் மறந்துபோன ஒருத்தியாகத்தான் கதைத்தாள்.

"இரண்டு குட்டிதான் இருக்கு அண்ணை. அங்கை ஆமி நிக்குது, தோட்டம் மிஞ்சுமோ தெரியாது. இரண்டையும் நல்ல மண்ணில வைப்பம். உயிரோடை இருக்கட்டும். சோதினை வேண்டாம். ஒண்டு செத்தாலும் என்னாலை தாங்கேலாது."

"ஒண்டை வேரைக் கழுவி, ஒரு பழைய பானையில நல்ல மண் போட்டு வைப்பம் ரீச்சர். அது எங்களுக்கு. குணம் ஊர்ச் சனத்துக்குக் குட்டி தாறனெண்டு வாக்குக் குடுத்திருக்கிறாள். மற்றதை இந்த மண்ணில வைப்பம். அது, எங்கையிருந்து வந்ததெண்டு தேடுற ஆக்களுக்கு. தாங்கினதெண்டு இரண்டு தரம் பாத்துச் சொல்லாமல் விட்டால் அவை என்னத்தைத் தேடுவினம்?"

பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு போய், தோட்டம் போய், வந்து நிற்பது மற்றவர் வளவில். அந்த நேரத்திலும் இந்த மனிசன், தன் வாழ்நாளில் விடை கிடைக்குமோ என்றே தெரியாத ஒரு கேள்வியை அரிசியைப் போட்டுவிட்டுத் தூக்கி வந்திருக்கிறார். இப்படி ஒருவரோடு ஒரே காலத்தில் சீவிக்கக் கிடைத்ததே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மாதாவே, இதை எங்கே போய்ச் சொல்வேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கனகசபாபதி பராசக்தியிடம் போனார். ஒன்றையும் மறைக்கவில்லை. மூட்டைக்குள் இருப்பது வாழைக்கு நஞ்சு என்றார். கொட்டிலில் பாவிக்காமல் கிடக்கும் சீமெந்துத் தொட்டியைத் தந்தால் அதன் ஓட்டையை அடைத்து, சீமெந்து நிலத்திலேயே வைத்து, ஒரு துளி வெளியில் போகாமல் பார்ப்பேன் என்றார். பிறகு, "உங்கடை இதரையில ஒரு குட்டியும் வேணும். அதுவும் நோய் மண்ணிலதான் வைக்கப்போறன். அது செத்துப்போம். சொல்லிப்போட்டுத்தான் கேக்கிறன்," என்றார்.

பராசக்தி அவரையும் மக்டலீனையும் மாறிமாறிப் பார்த்தாள். வளவு நிறையச் சனம், அடுப்பில் கஞ்சி, மழை. விளங்கியதோ என்னவோ, கிணற்றடிக்குப் போய் நின்ற குட்டிகளில் நல்லதாய்ப் பார்த்துத் தானே கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தொட்டியை அடைத்து, மூட்டையை அதற்குள் வைத்தே அவிழ்த்தார்கள். மக்டலீன் புதுக் குட்டி ஒன்றையும் பராசக்தியின் குட்டியையும் அதற்குள் நேராகப் பிடித்துக்கொண்டாள், அவர் நீர்வேலி மண்ணைச் சுற்றிவரப் போட்டுக் கையால் அமர்த்தினார். இரண்டுக்கும் ஒரே அளவு. குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாளி தண்ணீரோடு வந்தாள்.

"ரீச்சர், கையை இஞ்சாலை பிடியுங்கோ," என்றார் கனகசபாபதி.

மக்டலீன் தொட்டிக்கு மேலே கைகளை நீட்டினாள். குணலட்சுமி தண்ணீர் வார்த்தாள். நகத்துக்குள் இருந்ததும் போகும்வரை மூவரும் மாறிமாறிக் கழுவினார்கள், வெறும் மூட்டையைக் கழுவினார்கள், அவருடைய காலில் காய்ந்திருந்த சேற்றை ஒரு ஈர்க்கால் சுரண்டி அதையும் தொட்டிக்குள் போட்டார்கள். ஊரிலிருந்து வந்த மண்ணில் ஒரு துகளும் பராசக்தியின் நிலத்தில் விழவில்லை.